யாழ்ப்பாணம் – மட்டக்களப்பு – பண்டாரவளை – ஹட்டன் – கண்டி: ஒரு பைக், இரண்டு பேர், ஆக்களின்ர வீட்டில தங்கல். கணக்குச் சரியோ?

கொக்குவில் சந்தி:

வணக்கம். மாசிக் கடைசியில நானும் கனடாவில இருந்து வாற கூட்டாளியும் ஒரே மோட்டசைக்கிளில நாட்டைச் சுத்தி வர யோசிக்கிறம். பைக் பல்சர் 150, காபரேற்றர் மொடல். ஹோட்டல் எடுக்கிற எண்ணம் இல்லை. மட்டக்களப்பில கூட்டாளியின்ர தாயாரின்ர சொந்தக்காரர், பண்டாரவளையில ஒரு சிங்கள ஆசிரியர் வீடு, ஹட்டனில ஒரு தோட்டக் குடும்பம், கண்டியில தெரிஞ்ச அண்ணை ஒராள். எல்லாரும் வரச் சொல்லியிருக்கினம்.

போட்டு வைச்சிருக்கிற திட்டம் இதுதான். முதல் நாள் வவுனியா, திருகோணமலை, மூதூர், வாகரையால மட்டக்களப்பு. ரண்டாம் நாள் பொத்துவில், மொனராகலை, வெல்லவாய, எல்லயால பண்டாரவளை. மூண்டாம் நாள் நுவரெலியாவால ஹட்டன். நாலாம் நாள் கண்டி. ஐஞ்சாம் நாள் ஏ-9 றோட்டால வீடு.

கேள்விகள்: நாளுக்கு இவ்வளவு தூரம் ஓடேலுமோ? பைக்கில வெளிக்கிட முதல் என்ன பார்க்கோணும், என்ன சாமான் கொண்டு போகோணும்? தங்கிற வீடுகளுக்கு என்ன கொண்டு போறது, காசு குடுக்கிறதோ இல்லையோ? கனடா லைசென்சில அவர் மாறி ஓடலாமோ?


ஏ-9 காரன்:

தம்பி, முதல் நாள் கணக்குப் பிழை. மற்றதெல்லாம் திருத்தக் கூடியது.

வீடுகளில தங்கிப் போறவை கிலோமீற்றரைப் பார்த்து நாளைப் பிரிக்கக் கூடாது. அந்த வீட்டுப் படலையில எத்தினை மணிக்கு நிக்கோணும் எண்டு முதல் முடிவெடுங்கோ, அதில இருந்து பின்னுக்கு எண்ணுங்கோ. ஹோட்டலுக்கு இரவு பத்துக்குப் போனாலும் திறப்பைத் தருவினம். வீட்டில அப்பிடி இல்லை. சமைச்சு மூடி வைச்சிட்டு, பிள்ளையளை நித்திரைக்கு விடாமல், றோட்டைப் பார்த்துக் கொண்டிருப்பினம். பின்னேரம் நாலரை, மிஞ்சினால் ஐஞ்சு. அந்த நேரம் போனால் கிணத்தடியில வெளிச்சத்தோட குளிக்கலாம், உடுப்பை அலம்பிக் காயப் போடலாம், பைக்கை ஒருக்காச் சுத்திப் பார்க்கலாம், வீட்டாரோட கதைக்கலாம். யானை, மாடு, இருட்டு மூண்டுக்கும் இந்த ஒரு கணக்கே போதும்.

இப்ப உங்கட முதல் நாளை எடுப்பம். யாழ்ப்பாணம் – வவுனியா 140 கிமீ சொச்சம். வவுனியாவில இருந்து ஹொரவப்பொத்தானையால திருகோணமலை 95. திருகோணமலை – மட்டக்களப்பு ஏ-15 ஆல 130. எல்லாம் சேர்த்து 365. பின்னால ஆளும் சாமானும் வைச்சு, வெளி றோட்டில 70 எண்ட வேக எல்லைக்குள்ள, ஊர்களில 50 க்கு இறங்கி ஓடினால் மணிக்கு 40 தான் சராசரி வரும். ஏ-9 எவ்வளவு வடிவான றோட்டாக இருந்தாலும் அதுதான் கணக்கு. ஒன்பது மணித்தியாலம் ஓட்டம். ஒண்டரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா 15 நிமிசம் இறங்கி நிண்டு, மத்தியானம் ஒரு மணித்தியாலம் சாப்பிட்டால் பதினொண்டரை. விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டு ஒரு இடத்திலயும் சுணங்காட்டித்தான் நாலரைக்குச் சேரலாம். பிந்தி வெளிக்கிட்டால், வழியில சுணங்கினால் மட்டக்களப்புக்குக் கிட்ட வரேக்கை பொழுது பட்டுக் கொண்டிருக்கும். அந்த நேரம் தார் சூடா இருக்கும் எண்டு மாடுகள் றோட்டிலதான் படுத்திருக்கும். கறுப்பு மாடு கிட்டப் போகும் வரைக்கும் தெரியாது.

திருகோணமலையில அல்லது மூதூரில ஒரு இரவு போடுங்கோ. அங்க ஆக்கள் இல்லையெண்டால் மட்டக்களப்புச் சொந்தக்காரரைக் கேளுங்கோ, அவைக்கு மூதூர்ப் பக்கம் ஆரும் இருப்பினம். இல்லாட்டி காசுக்கு அறை விடுற வீடு எடுங்கோ, அதில வெக்கம் ஒண்டும் இல்லை.

சிலர் படத்தைப் பார்த்துப் போட்டு முல்லைத்தீவு, கொக்கிளாய், புல்மோட்டையால போனால் கிட்ட எண்டு சொல்லுவினம். கொக்கிளாயில நீரேரி குறுக்க நிக்கும். நேர போகேலாது, வெலிஓயாப் பக்கத்தால சுத்தோணும். முதல் நாளில வேண்டாம்.

ரண்டாம் நாள் மட்டக்களப்பு – பொத்துவில் 105, மொனராகலை 70, வெல்லவாய 37, எல்ல 28, பண்டாரவளை 12. எல்லாமாக 250. வெல்லவாய வரைக்கும் 40 சராசரி பிடிக்கலாம், அதுக்குப் பிறகு ஏத்தம், 25 தான். காலமை 5.30 க்கு வெளிக்கிட்டால் பின்னேரம் மூண்டு மணிக்குள்ள சேரலாம், ஆனால் அறுகம்பையில நிண்டு படம் எடுக்கிற நேரம் இந்தக் கணக்கில இல்லை. பொத்துவில் பார்க்கிற எண்ணம் இல்லாட்டி செங்கலடியால திரும்பி மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை எண்டு ஏறலாம். தூரம் கனக்கக் குறையும், ஆனால் பிபிலைக்கு மேல ஒடுங்கின வளைவு றோட்டு. பஸ் வந்தால் நீங்கள்தான் ஒதுங்கோணும்.

யானை எண்டால் உங்கட பாதையில கவனிக்க வேண்டிய துண்டுகள்: ஹொரவப்பொத்தானைப் பக்கம், லகுகலைக் காடு (பொத்துவில் – சியம்பலாண்டுவ), திரும்பி வரேக்கை தம்புள்ளைக்கும் மரதன்கடவளைக்கும் இடையில. காலமை 7 க்கு முதலும் பின்னேரம் 5 க்குப் பிறகும் இந்தத் துண்டுகளில நிக்காத மாதிரிப் போடுங்கோ. முன்னால யானை நிண்டால் தூரத்திலயே நிப்பாட்டுங்கோ, பைக்கைத் திருப்பி வையுங்கோ, எஞ்சினை நிப்பாட்ட வேண்டாம், ஹோர்ன் அடிக்க வேண்டாம், லைற்றை மின்ன விட வேண்டாம். லொறி ஒண்டு வரும் வரைக்கும் காத்திருந்து அதுக்குப் பின்னால போறதுதான் சரி. பக்கத்தால சுழிச்சுப் போகலாம் எண்டு நினைக்கவே வேண்டாம். தேத்தண்ணிக் கடையில ‘மே பாரே அலி இன்னவாத’ (இந்த றோட்டில யானை நிக்குதோ) எண்டு கேட்டால் அண்டைய நிலைமை சொல்லுவினம், கூகிளுக்கு அது தெரியாது.

பெற்றோல்: இரண்டு பேரும் சாமானுமாக லீற்றருக்கு 40, மலையில 33 எண்டு போடுங்கோ. முழுச் சுத்தும் 1,100 கிமீ, 30 லீற்றருக்குள்ள முடியும். அரை ராங்கில எப்பவும் நிரப்புங்கோ. கடதாசியள் (லைசென்ஸ், வாகன வருமான அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ், பைக் புத்தகத்தின்ர கொப்பி) ஒரு பொலித்தீன் உறையில கைக்கெட்டின இடத்தில இருக்கட்டும். மறிக்கிற இடத்தில பையை அவிட்டுக் கொட்டத் தேவையில்லை.


சில்லும் செயினும்:

றூட்டை ஏ-9 காரன் சொல்லிப் போட்டார். நான் பைக்கை மட்டும் சொல்லுறன்.

சேர்விசை வெளிக்கிடுறதுக்கு முதல் நாள் செய்யாதேங்கோ. ஒரு கிழமைக்கு முதல் செய்து, 100 – 150 கிமீ உள்ளூரில ஓடுங்கோ. கராஜில நட்டு ஒண்டு இறுக்காமல் விட்டிருந்தால், ஒயில் கசிஞ்சால், பிரேக் உரசினால் அது சுன்னாகத்தில தெரியட்டும், வெருகலில தெரியக் கூடாது. ஒயில் 20டபிள்யூ50, புதுசா மாத்துங்கோ. பல்சரில பிளக் ரண்டு. ரண்டையும் மாத்துங்கோ, கழட்டின பழசு நல்லா இருந்தால் அதில ஒண்டைக் கையில வையுங்கோ.

செயின். ஆக்கள் அதிகம் பிழை விடுறது இதிலதான். தூரப் பயணம் எண்டு செயினை வில்லுக் கட்டின மாதிரி இறுக்கிப் போட்டு வெளிக்கிடுவினம். பின்னால ஆளும் சாமானும் ஏற சொக் அப்சோபர் கீழ இறங்கும், அப்ப செயின் இன்னும் இறுகும். முதல் போறது எஞ்சின் பக்கத்துப் பெயாரிங். ஆள் இல்லாமல், ஸ்ரான்டில நிக்கேக்கை, கீழ்ச் செயினின்ர நடுவில விரலால மேல கீழ ஆட்டினால் 25 – 30 மில்லிமீற்றர் ஆடோணும். சில்லைச் சுத்திச் சுத்தி நாலு இடத்தில பாருங்கோ, ஆக இறுக்கமான இடத்தில அந்த அளவு இருக்கோணும். பின் பல்சில்லின்ர பின்பக்கத்தில செயினை வெளிய இழுத்துப் பாருங்கோ. அரைப் பல்லு தெரிஞ்சால் செயின் முடிஞ்சுது. மாத்திறது எண்டால் செயினும் ரண்டு பல்சில்லும் ஒண்டா மாத்தோணும். பழைய பல்லில புதுச் செயின் போட்டால் காசு வீண்.

ரயர் காத்து முன்னுக்கு 25, பின்னுக்கு ரண்டு பேர் எண்டால் 32 பிஎஸ்ஐ. காலமை குளிர்ந்திருக்கேக்கை பாருங்கோ. மத்தியானம் ஓடி வந்து பார்த்தால் கூடக் காட்டும், அதை நம்பிக் காத்தைத் திறந்து விட்டால் அடுத்த நாள் குறைஞ்சு போயிருக்கும். காத்துக் குறைஞ்ச பின் ரயர் வளைவில பாம்பு மாதிரி நெளியும், ரியூப் ரயர் எண்டால் வால்வடியில கிழியும்.

பின் சொக்கில அஞ்சு படி இருக்கு. ரண்டு பேர், சாமான் எண்டால் ரண்டு படி இறுக்குங்கோ, ரண்டு பக்கமும் ஒரே படியில. இதைச் செய்யாட்டி பைக்கின்ர பின்பக்கம் இருந்து போகும், ஹெட்லைற் எதிரில வாறவன்ர கண்ணுக்கு அடிக்கும். சாமானை ஏத்திப் போட்டு, சுவருக்கு முன்னால நிப்பாட்டி லைற்றைக் கீழ இறக்குங்கோ.

சாமான்: பக்கப் பை ரண்டு, ஒண்டுக்கு 8 கிலோவுக்கு மேல வேண்டாம், ரண்டும் சரிசமன். பாரமானது கீழயும், முன்னால சீற் பக்கமாயும். பின் கரியரில பாரத்தைக் கட்டினால் எல்ல ஏத்தத்தில முன் சில்லு லேசாகி ஹான்டில் பிடிபடாது. வலப்பக்கம் சைலன்சர் இருக்கு. பை அதில முட்டாமல் ரண்டு அங்குல இடைவெளி வேணும், இல்லாட்டி வவுனியா போக முதல் றெக்சின் உருகி உள்ள இருக்கிற உடுப்பும் போகும்.

கையில வேண்டியது: கிளச் கேபிள் ஒண்டு (புதுக் கேபிளைப் பழைய கேபிளோட சேர்த்து இப்பவே ரேப் போட்டுக் கட்டி விடுங்கோ, அறுந்தால் முனை ரண்டையும் மாத்திறதுதான் வேலை), செயின் லொக் ஒண்டு, பியூஸ் ரண்டு, ஹெட்லைற் பல்ப், கிளச் – பிரேக் லீவர், கேபிள் ரை, கட்டுக்கம்பி கொஞ்சம், கால் லீற்றர் ஒயில். ரியூப் ரயர் எண்டால் பின் ரியூப் ஒண்டும் ரயர் லீவர் ரண்டும் கைப்பம்பும். ரியூப்லெஸ் எண்டால் திரி ஒட்டுற செற் போதும். பைக்கோட வந்த ரூல் செற்றில பின் சில்லு நட்டுக்குச் சாவி இருக்கோ எண்டு கழட்டியே பாருங்கோ. கனபேரிட்ட இருக்காது, இருந்தாலும் கராஜில இறுக்கின இறுக்கலுக்கு அந்தச் சின்னச் சாவி அசையாது. ஒரு முழ நீளக் குழாய்த் துண்டு சாவிக்குப் பிடியாப் போடக் கொண்டு போனால் சரி.

ஏத்தம்: எல்ல றோட்டில ரண்டாம், மூண்டாம் கியர். அரைக் கிளச்சில பிடிச்சுக் கொண்டு ஏறாதேங்கோ, கிளச் தட்டு எரிஞ்ச மணம் வந்தால் பிறகு கண்டிக்கும் போகேலாது. இறக்கம் இன்னும் முக்கியம். ஹட்டனால கினிகத்தேனைக்கு இறங்கேக்கை பின் பிரேக்கை மிதிச்சபடியே போனால் உள்ள ட்ரம் சூடாகி, மிதி இருக்கும், பிடி இருக்காது. ரண்டாம் கியரில விட்டு எஞ்சினால பிடியுங்கோ, முன் டிஸ்க்கையும் பின்னதையும் சேர்த்து விட்டு விட்டு அமத்துங்கோ. நியூட்றலில போட்டு பெற்றோல் மிச்சம் பிடிக்கிற பழக்கம் இருந்தால் வீட்டிலயே விட்டிட்டு வாங்கோ. நானுஓயாவில ரதல்லக் குறுக்குப் பாதையைப் போன் காட்டும். செங்குத்து இறக்கம், 2023 தையில உயிர்ச்சேதத்தோட பெரிய விபத்து நடந்த இடம். பிரதான வீதியால தலவாக்கலைக்குப் போங்கோ.

நுவரெலியா 1,868 மீற்றர். காபரேற்றர் பைக் அங்க கொஞ்சம் இழுவை குறையும், காலமை சோக் இழுக்காமல் ஸ்ராட் வராது. பழுது எண்டு நினைச்சு ஸ்குறூவைத் திருகாதேங்கோ. கீழ இறங்கினால் தன்பாட்டில சரியாகும்.


வெருகலாறு:

திருகோணமலை – மட்டக்களப்புத் துண்டை நான் சொல்றேன். முந்தி துறையில படகு ஏத்தி இறக்கின இடமெல்லாம் இப்ப பாலம். கிண்ணியாப் பாலம் 2009ல திறந்தது, 396 மீற்றர். றோட்டு நல்லம். ஆனா மூதூர் தாண்டி வாழைச்சேனை வரைக்கும் பெரிய கராஜ் எண்டு ஒண்டையும் நம்பாதீங்க. ஒட்டுக்கடை (பஞ்சர் ஒட்டுற கடை) அங்கொண்டு இங்கொண்டு இருக்கும். வாகரை, பனிச்சங்கேணிப் பக்கம் வெயிலுக்கு ஒதுங்க மரமும் குறைவு, ஆளுக்கு ரெண்டு லீற்றர் தண்ணி வைங்க.

நீங்க வாற மாசிக் கடைசி, பங்குனி இந்த வருசங்கள்ல நோன்பு மாசத்தோட சேருது. நாளை ஒருக்காப் பாத்துக்கங்க. கிண்ணியா, மூதூர், ஏறாவூர், காத்தான்குடி, அக்கரைப்பற்று எல்லாம் உங்கட பாதைலதான் கிடக்கு. நோன்பெண்டா பகல்ல சாப்பாட்டுக் கடை பூட்டு. நீங்க சாப்பிடுறதுல யாரும் குறை சொல்லமாட்டாங்க, எண்டாலும் றோட்டோரத்துல நிண்டு பார்சல் அவிக்காதீங்க. முஸ்லிம் வீட்டுல தங்கிறதா இருந்தா நோன்பு துறக்கிறதுக்கு அரை மணித்தியாலம் முந்திப் போங்க. கஞ்சியும் பேரீச்சம்பழமும் உங்களுக்கும் வைப்பாங்க, பாங்கு சொல்ற வரைக்கும் கை வைக்காம இருங்க. விடியச் சாமம் சஹருக்கு (நோன்பு பிடிக்க முந்திச் சாப்பிடுறதுக்கு) வீடு எழும்பும். சத்தம் கேட்டுப் பயப்படத் தேவையில்ல, உங்கள எழுப்ப மாட்டாங்க. நோன்பில்லாட்டியும் வெள்ளிக்கிழமை 12ல இருந்து ரெண்டு மணி வரைக்கும் கடை, ஒட்டுக்கடை எல்லாம் பூட்டுத்தான்.

சிவராத்திரியும் இதே காலத்துல வரும். அண்டைக்கு திருக்கோணேச்சரத்துக்கு நாடெல்லாம் இருந்து சனம் வரும், திருகோணமலைல ஒவ்வொரு வீட்டுலயும் சொந்தக்காரர் பாய் விரிச்சுக் கிடப்பாங்க. அந்த இரவுல போய் வீட்டாரை அந்தரப்படுத்தாதீங்க.

மட்டக்களப்பு வீட்டைப் பத்தி ஒண்டு. இரவு சாப்பாட்டுக்கு வாறம் எண்டு சொன்னா மூண்டு கறி, மீன், நண்டு எண்டு அடுக்குவாங்க. வழியில சாப்பிட்டுட்டுப் போய் ‘வயிறு நிறைஞ்சிருக்கு’ எண்டு சொன்னீங்களோ, அந்த வீட்டம்மாக்கு அது பெரிய மனத்தாங்கல். மத்தியானம் கொஞ்சமாச் சாப்பிடுங்க. மச்சம் சாப்பிடாத நாள் ஏதும் இருந்தா (கூட்டாளிட அம்மாட சொந்தமெண்டா கேப்பாங்க) முதல் நாளே சொல்லிருங்க.


கொக்குவில் சந்தி:

நன்றி எல்லாருக்கும். மூதூரில ஒரு வீடு கேட்டுப் பார்க்கிறன். தோட்டக் குடும்பம் எண்டதில எனக்குக் கொஞ்சம் யோசினை. வரச் சொல்லி வடிவாக் கேட்டவை. லயத்து வீடு. ரண்டு பேர் போய்ப் படுக்கிறது அவைக்குக் கரைச்சலோ? காசு குடுத்தால் பிழையா எடுப்பினமோ?


தலவாக்கலை லோயா:

லயம்னா ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரெண்டு அடி காம்பரா ஒண்ணு, முன்னுக்கு இஸ்தோப்பு (திண்ணை), பின்னுக்கு அடுப்படி. அதுக்குள்ள நாலஞ்சு பேரு இருப்பாங்க. நீங்க ரெண்டு பேரு போனா கட்டில உங்களுக்குக் குடுத்துட்டு அவங்க அடுப்படியில படுப்பாங்க, வாயத் தொறந்து சொல்லமாட்டாங்க. அதனால வரச் சொன்னவரை நேராக் கேளுங்க: ‘அண்ணே, நாங்க இஸ்தோப்புல படுத்துக்கிறோம், பாயும் கம்பளியும் இருந்தாப் போதும்’னு. மாசியில ராத்திரி குளிரு கடுமையா இருக்கும், அதனால ஆளுக்கு ஒரு தடிச்ச போர்வையும் காலுறையும் நீங்களே கொண்டு வாங்க. அவங்க வீட்டுல இருக்கிற கம்பளி அவங்க அளவுக்குத்தான் இருக்கும். புது வீட்டுத் திட்டத்துல கட்டுன தனி வீடுன்னா இந்தப் பிரச்சினை இல்ல, எதுன்னு கேட்டுக்கங்க.

நேரம்: காலைல பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் குடுக்க) ஆளுங்க ஏழு மணிக்கெல்லாம் போயிருவாங்க. அம்மா அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ரொட்டி சுட்டு, சம்பல் அரைச்சு, புள்ளைங்கள பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டுக் கொழுந்துக்குப் போவாங்க. நீங்க எட்டு மணி வரைக்கும் தூங்குனா அவங்க பேருல அரை நாள் சம்பளம் போகும். அவங்க கெளம்பையில நீங்களும் கெளம்புங்க. வெந்நி வேணும்னு கேக்காதீங்க, வெறகும் தண்ணியும் தூக்கிட்டு வந்ததுதான். பின்னேரம் வெயில் இருக்கையிலயே மேலுக்கு ஊத்திக்கங்க.

காசு கையில குடுத்தா வாங்கமாட்டாங்க, சங்கடப்படுவாங்க. ஹட்டன் டவுன்லயே அரிசி அஞ்சு கிலோ, பருப்பு ஒரு கிலோ, சீனி, 400 கிராம் பால்மா ரெண்டு பாக்கெட், ஒரு கோழின்னு வாங்கிட்டுப் போங்க. போன ஒடனே குடுத்துருங்க, சமைச்ச பொறகு குடுத்து ஒண்ணும் ஆகப் போறதில்ல. யாழ்ப்பாணத்துல இருந்து கருவாடும் சின்ன வெங்காயமும் கொண்டு வந்தீங்கன்னா அதுக்கு மேல ஒண்ணும் வேணாம். இங்க வெங்காயம் வெலை. தொரை பங்களாப் பக்கம் போட்டோ எடுக்கிறது, ஆளுங்க கொழுந்து எடுக்கையில கேமராவத் தூக்குறது வேணாம்.

சனி, ஞாயிறுல ஹட்டனுக்கு வராதீங்க. மார்கழிப் பௌர்ணமியில இருந்து வைகாசிப் பௌர்ணமி வரைக்கும் சிவனொளிபாதமலைக் காலம், வார முடிவுல பஸ்ஸும் வேனும் ரோட்ட அடைச்சுக்கிட்டு நிக்கும். பண்டாரவளையில இருந்து வெலிமடை, நுவரெலியா வழியா நூறு கிலோமீட்டர்தான், ஆனா நாலு மணித்தியாலம் புடிக்கும். பகல் ஒரு மணிக்குப் பொறகு பனி எறங்கி மழையும் புடிக்கிற நாளு உண்டு, அதுக்கு முன்னாலயே நுவரெலியாவத் தாண்டிருங்க. மழை காலத்துல மாத்தி வர்றதா இருந்தா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போடுற மண்சரிவு எச்சரிக்கையப் பாருங்க. மூணாம் கட்டம் செவப்புன்னா அந்தப் பக்கமே வராதீங்க.


இணுவில் அக்கா:

கொண்டு போற சாமானைப் பற்றி. தம்பி, திராட்சைப்பழம் வேண்டாம், வெயிலில பையுக்குள்ள சாறாகிப் போகும். பனங்கட்டிக் குட்டான், எள்ளுருண்டை, புழுக்கொடியல், வறுத்து இடிச்ச மிளகாய்த்தூள். இதுகள் ஒரு கிழமை தாங்கும். வீட்டுக்கு ஒரு கிலோ எண்டு பிரிச்சு, அஞ்சு வீட்டுக்கும் அஞ்சு பொதி இஞ்சயே கட்டிப் பெயர் எழுதுங்கோ. தூளை ரண்டு பொலித்தீன் போட்டுக் கட்டோணும், உடுப்போட வைக்கக் கூடாது. நல்லெண்ணெய் கொண்டு போறதெண்டால் மூடியில பொலித்தீன் துண்டு வைச்சுத் திருகி, ரேப் சுத்தி, நிமித்தி வையுங்கோ. கருவாடு மூண்டு உறை போட்டாலும் மணக்கும், அது வெளிப்பையில. லகுகலைக் காட்டால போறபடியால் பழம், கரும்பு ஒண்டும் வெளியில தொங்க விடாதேங்கோ.

சிங்கள ஆசிரியர் வீட்டுக்கும் பனங்கட்டி நல்லம், தல் ஹக்குரு எண்டால் விளங்கும். அங்க இரவுச் சாப்பாடு பிந்தித்தான் வரும், எட்டரை ஒன்பது ஆகும். போனவுடன தேத்தண்ணியும் ஏதாவது கடிக்கவும் வைப்பினம், அதோட சாப்பாடு முடிஞ்சுது எண்டு நினையாதேங்கோ. போயா நாளெண்டால் இறைச்சிக்கடை, சாராயக்கடை பூட்டு, கராஜ்காரரும் கனபேர் பன்சலைக்குப் போயிடுவினம்.

எல்லா வீட்டுக்கும் மூண்டு தரம் சொல்லோணும். ஒரு கிழமைக்கு முதல் (எத்தினை பேர், எந்த நாள், என்ன சாப்பிடமாட்டம்), முதல் நாள் இரவு (எத்தினை மணிக்கு வருவம், அடுத்த நாள் எத்தினை மணிக்குப் போவம்), கடைசியா வழியில ஒரு மணித்தியாலம் இருக்கேக்கை. போற நேரத்தைச் சொல்லுறது வாற நேரத்தைச் சொல்லுறதை விட முக்கியம். அதைச் சொல்லாட்டி அவை அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டுக் கொண்டு இருப்பினம். இடத்தைப் போனில அனுப்பச் சொல்லுங்கோ, கூடவே கடை, கோயில் ஏதாவது அடையாளமும் கேளுங்கோ. ஒழுங்கைகளை அந்தப் படம் பிழையாத்தான் காட்டும். பைக் உள்ளுக்கு விடலாமோ, நாய் கட்டியிருக்கோ எண்டும் கேளுங்கோ.

காசு விசயம் லேசு. அறை விடுற வீடெண்டால் கேட்ட காசைக் குடுங்கோ, பேரம் பேசாதேங்கோ. உறவெண்டால் காசை எடுக்கவே வேண்டாம், பிள்ளையளுக்குக் கொப்பி, கலர்ப்பெட்டி.


ஏ-9 காரன்:

லைசென்ஸ் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. கனடா லைசென்சோட சர்வதேச அனுமதிப்பத்திரம் இருந்தாலும் இஞ்ச அது தனியக் காணாது. கொழும்பில ஓட்டோமொபைல் அசோசியேசனில ஏற்றுக் கொண்டதுக்கு அனுமதி எடுக்கோணும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில தற்காலிக லைசென்ஸ் எடுக்கோணும். கட்டுநாயக்காவில இறங்கி யாழ்ப்பாணம் வர முதல் அந்த வேலையை முடிக்கச் சொல்லுங்கோ. இன்னொண்டு, ஒன்ராறியோ ஆள் எண்டால் காருக்கான ஜி லைசென்ஸ் மட்டும் இருந்தால் மோட்டசைக்கிள் ஓடேலாது, எம் வேணும். அது இல்லாமல் ஓடி ஒண்டு நடந்தால் இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான். எம் இல்லையெண்டால் அவர் பின்னால இருக்கட்டும். பின்னால இருக்கிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், தொப்பி மாதிரி வைக்கிறது இல்லை, நாடா பூட்டோணும். அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த நிலையம் 117. ரண்டு போனிலயும் அடிச்சு வையுங்கோ.


சில்லும் செயினும்:

கண்டி – யாழ்ப்பாணம் ஒரே நாளில 320 கிமீ ஓடலாமோ எண்டதில எனக்கும் ஏ-9 காரனுக்கும் ஒத்து வராது எண்டு நினைக்கிறன். கடைசி நாள் போறது சொந்த வீடு, ஆரும் காத்திருக்கேல்லை, அதால ஓடலாம். விடிய 5 க்கு வெளிக்கிட்டால் மாத்தளை, தம்புள்ளை நெரிசல் தொடங்க முதல் தாண்டலாம்.


ஏ-9 காரன்:

ஓடலாம்தான். ஆனால் மதவாச்சிக்குப் பிறகு றோட்டு நேர, வெயில் கடுமை, அஞ்சாம் நாள் உடம்பு. நித்திரை வாறது அந்தத் துண்டிலதான். பின்னால இருக்கிற ஆள்தான் முதல் தூங்குவார், அவர் சரிஞ்சால் பைக்கும் சரியும். வவுனியாவில மத்தியானம் 12 தொடக்கம் 3 வரைக்கும் படுத்து எழும்பி ஓடுறது எண்டால் நானும் ஓம். ஆனையிறவு தாண்டேக்கை ஆறு மணி ஆகும், அதுக்குப் பிறகு எல்லாம் ஊர். பயணத்தை ஆனி ஆடிக்குத் தள்ளினால் இந்தக் கணக்கு வேற. அப்ப ஆனையிறவு வெட்டையில சோளகக் காத்து பக்கத்தால பிடிச்சுத் தள்ளும், பக்கப் பையோட 50 க்கு மேல ஓடேலாது.


கொக்குவில் சந்தி:

சரி, ஆறு நாளாக்கியாச்சு. முதல் இரவு மூதூர், வீடு கிடைச்சிட்டுது. ரண்டாம் இரவு மட்டக்களப்பு, மூண்டு பண்டாரவளை, நாலு ஹட்டன் (செவ்வாய் வருது), அஞ்சு கண்டி. அவரிட்ட ஜி மட்டும்தான், அதால ஓடுறது நான் தனிய. மூதூரில போய்ச் சேருறது வெள்ளி பின்னேரம்.


வெருகலாறு:

நோன்பு காலத்து வெள்ளி. திருகோணமலைல 12க்கு முந்தி சாப்பாட்டைக் கட்டி எடுத்துட்டு, காத்தும் அங்கேயே பாத்துட்டு வாங்க. கிண்ணியாவுக்கு மறுகாப் போனா ரெண்டும் கிடைக்காது.


தலவாக்கலை லோயா:

வெள்ளி மூதூர்னா ஹட்டன் திங்கள்தானே வரும், செவ்வாய் இல்லையே? அந்தக் குடும்பத்துக்கு எந்த நாள் சொல்லி வச்சிருக்கீங்கன்னு ஒருக்காப் பாருங்க.